பாதம் வரைந்த கல்

ஊழியத்துக்கு வந்த முதல் நாளே எனக்கும் என் மனைவிக்கும் இலாகா பிரிந்துவிட்டது. கதை அவளுக்கு, கல் எனக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததில்லை. நான் பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் முதல் கூட்டத்தில் பாதிப் பேர் வாசலுக்கு நழுவிவிட்டார்கள். அவள் பேச ஆரம்பித்ததும் திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் நான் கதைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் போடியிலிருந்து மலைக்கும் மதுரைக்கும் போகும் பஸ்களில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். அவள் சிலமலையில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இருவரும் ஓய்வு பெற்று, பிள்ளைகளும் வெளியூர் போய், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். முந்தலுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பழைய கல்லுக்கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற தம்பதிகள் ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கி ஊழியம் செய்யலாம். சம்பளம் கிடையாது, இரண்டு அறை உண்டு. யோசித்துச் சொல்லலாம் என்று மனைவி பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தாள்.

சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு வில்லை கொடுத்தார்கள். 'மூத்த ஊழியர்' என்று போட்டிருந்தது. அறுபத்தேழு வயதில் ஊழியத்துக்கு வருகிறவன் மூத்தவனாக இல்லாமல் இளையவனாகவா இருப்பான் என்று கேட்டேன். போதகர் சிரிக்கவில்லை. என் மனைவி என் காலை மிதித்தாள்.

கோயிலின் கதை சின்னக் கதைதான். மலைக்கு ரோடு வருவதற்கு முன்னால், ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ஒற்றையடிப் பாதையில்தான் ஏறுவார்கள். பாதிவழியில் கொஞ்சம் சமதரை. அங்கே உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்களுக்கு ஓர் உபதேசியார் வேதம் வாசிப்பார். அவருக்கு அந்த இடத்தில் ஒரு கோயில் கட்ட ஆசை. கையில் காசில்லை, மாடில்லை, வண்டியில்லை. அதனால் மேலே போகிற ஒவ்வொருவரையும் கீழே ஓடையிலிருந்து ஒரே ஒரு கல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகச் சொன்னார். நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கல்லாகச் சேர்ந்து சுவர் எழும்பிவிட்டது. எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் எங்களுக்குச் சிக்கல். கோயிலில் மூன்று பலகைகள் இருந்தன, மூன்றிலும் மூன்று வருஷம். "ரொம்ப வருசத்துக்கு முன்னாடி"ன்னு சொல்லுங்க போதும் என்பது என் மனைவியின் உத்தரவு.

அந்தப் பழக்கம் இன்றைக்கும் நிற்கவில்லை. வருகிறவர்கள் ரோட்டோரத்தில், பாதை தொடங்கும் இடத்தில், ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு மேலே சுமந்து வந்து, கோயிலின் பின்சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். வாலிபர்களுக்குப் பத்து நிமிட ஏற்றம், எனக்கு இருபது. கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் சுமந்தார்கள். சிலர் கல்லுக்குச் சந்தனம் வைத்தார்கள். சிலர் கோயிலை மூன்று சுற்று சுற்றினார்கள். என் மனைவி யாரையும் தடுத்ததில்லை, சுற்றுகிறவர்கள் வழுக்கி விழாமல் இருக்கப் பின்பக்கத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவிவைத்தாள்.

வந்த புதிதில் ஒரு தொல்லை வந்தது. ஓடை வற்றிப் புதுக் கல் உருண்டு வராமல், கைக்கு எட்டுகிற கற்களெல்லாம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. கல் கிடைக்காதவர்கள் ரோட்டின் தடுப்புச் சுவரிலிருந்து பெயர்க்க ஆரம்பித்தார்கள். ரோட்டு வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருநாள் மூச்சு வாங்க ஏறிவந்து நின்றார். "அய்யா, ஒங்க சாமிக்கு எஞ் செவுத்தப் பேத்துக் குடுக்க முடியாது, பாத்துக்கங்க" என்றார். நியாயம்தானே. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வழி தெரிந்துவிட்டது. மேலே போன பஸ் கீழே இறங்கினால்தான் அடுத்த டிரிப்பு. பஸ்சுக்கு உள்ள நியாயம் கல்லுக்கும்தான்.

அன்று முதல் தினமும் ஐந்து மணிக்குக் கடைசிக் கூட்டத்தை இறக்கிவிட்ட பிறகு, சுவரோரத்துக் கற்களை ஏலக்காய்ச் சாக்கில் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன். இரண்டு நடை, சில நாள் மூன்று. ரோட்டோரத்தில் குவித்து வைத்தால் மறுநாள் கூட்டத்துக்குக் கல் தயார். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். "இது பொய்யில்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். யாரும் கேட்காததைச் சொல்லாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும் என்றேன். "ஒங்க சோலி, என்னைய இழுக்காதீங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அந்த நாட்களைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலை ஆறு மணிக்கு மணி அடிப்பேன். மணிச் சத்தம் கேட்டதும் குரங்குகள் ஆஜராகிவிடும். அவற்றுக்குப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை ரொம்பப் பிடிக்கும். மூணாறு போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஏறிவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, பாத்ரூம் எங்கே இருக்கு என்பது. அதற்கும் நான் வழிகாட்டிதான். என் பழைய விசிலை விடவில்லை. கூட்டத்தை உள்ளே அனுப்ப ஒரு விசில், வெளியே கூப்பிட இரண்டு. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லும். என் மனைவி யார் வந்தாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலத்தான் கதை சொல்வாள். ஒரு தடவை ஒரு பெரிய கல்லூரிப் பேராசிரியர் குறுக்கே புகுந்து திருத்தப் பார்த்தார். "கைய கட்டிக்கிட்டு மொதல்ல முழுசாக் கேளுங்க" என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டார். போகும்போது "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

ஒரு மழைநாளில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள், தினமும் ஜீப்பில் போய்த் திரும்புகிறவள். என்னைப் பார்த்ததும், "நீங்க கண்டக்டரண்ணேதான? ஒங்க பஸ்சுலதான் நான் சமைஞ்ச புள்ளையா இருந்தப்ப மருதைக்குத் துணி எடுக்கப் போனேன்" என்றாள். எனக்கு ஞாபகமில்லை, இருந்தாலும் சிரித்தேன். அவளுடைய மகள், பத்தொன்பது வயதுப் பெண், லீவில் அம்மாவோடு வேலைக்குப் போனபோது ஜீப்பு சரிந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். எழுந்து நடப்பாள், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அவள் கொண்டுவந்த கல் உள்ளங்கை அகலத்தில் வழவழவென்று இருந்தது. அதில் மகளின் நெயில் பாலிஷால் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒரு பாதம் வரைந்திருந்தாள், ஐந்து விரலும் வைத்து. "அண்ணே, எம் மக நடந்து வந்து, இதே கல்ல அவ கையால எடுத்துப் பீடத்துக்கு முன்னாடி வைக்கணும். அதான் என் வேண்டுதல். அதுவரைக்கும் இது இங்கனயே இருக்கட்டும். ஒருத்தரும் தொட்றக்கூடாது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் கண்ணெல்லாம் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன்கள் மேல் இருந்தது. அவள் உள்ளே போய் என் மனைவியிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு இறங்கினாள். ஐந்து மணிக்கு நான் வழக்கம்போலச் சாக்கை விரித்தேன். எல்லாக் கல்லோடும் அந்தக் கல்லையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முப்பது வருஷம் முகம் பார்க்காமல் டிக்கெட் கிழித்த கை அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரோட்டோரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குப் போகும் ஜீப்பு வளைவில் வேகம் குறைந்தது. பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து அவள் தலையை நீட்டினாள்.

"கண்டக்டரண்ணே! கல்லு இருக்கா?"

"இருக்கு தாயி! பத்திரமா இருக்கு!"

கையை ஆட்டிவிட்டுப் போனாள். என் காலுக்குப் பக்கத்திலேயே கற்குவியல். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கல் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, நல்ல மனசோடு கேட்கிறாள், நல்ல மனசோடு பதில் சொன்னேன். அதற்கப்புறம் அது எங்களுக்குள் காலை வணக்கமாகிவிட்டது. "இருக்கா?" "இருக்கு!" மழையிலும் பனியிலும் ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. ஜீப்பில் இருந்த மற்ற பெண்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். எனக்கும் அது இல்லாமல் பொழுது விடியாது என்றாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை ஜீப்பு அந்த இடத்தில் நின்றேவிட்டது. அவள் கீழே குதித்தாள்.

"அண்ணே, எம் மக நடக்குறா! கம்ப ஊண்டிக்கிட்டுத்தான், ஆனா தன்னால நடக்குறா! ஞாயித்துக்கெழம கூட்டியாறேன். கல்லத் தொடச்சு வைங்க!"

சந்தோஷத்தில் நானும் "அல்லேலூயா" என்று கத்திவிட்டேன். ஜீப்பு போய் வளைவில் மறைந்த பிறகுதான், தொடச்சு வைங்க என்றாளே, எதை என்று யோசித்தேன். மழைநாள், ரோஸ் நிறப் பாதம், ஒருத்தரும் தொடக்கூடாது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குவியலைக் கிளற ஆரம்பித்தேன்.

இல்லை. மேலே ஓடினேன். என் மனைவியிடம், அந்தப் பெண் நடக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு வருகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். கல்லைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல் என் இலாகா. அன்று சாயங்காலம் மேலே வந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன், இல்லை. செவ்வாய் குவியலை முழுசாகக் கலைத்து அடுக்கினேன், இல்லை. புதன் ஓடைக்குள் இறங்கித் தேடினேன். தடுப்புச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னய்யா, நீங்களே பேக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை எனக்குப் புத்தி கெட்டது. போடிக்குப் பஸ் ஏறினேன். பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் போய், ரோஸ் கலர் நெயில் பாலிஷ் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் எட்டு விதமான ரோஸை எடுத்துப் பரப்பினாள். "ஆருக்கு அப்பு, பேத்திக்கா?" என்றாள். ஆமாம் என்று அங்கேயும் ஒரு பொய். வேறொரு வழவழப்பான கல்லைத் தேர்ந்தெடுத்து, மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பின்சுவர் மறைவில் உட்கார்ந்து வரைந்தேன். விரல் வைப்பதற்குள் அது கத்தரிக்காய் ஆகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இன்னொரு கத்தரிக்காய். நிமிர்ந்தால் என் மனைவி நிற்கிறாள்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மாதமாகப் பார்க்காமலே "இருக்கு" என்று சொன்னதையும் சொன்னேன். அவள் கல்லைப் பார்த்தாள், என் விரலெல்லாம் அப்பியிருந்த பாலிஷைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நான் காத்து நின்ற ரோட்டோரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் அம்மா இறங்கினாள், புதுச் சேலை, தலை நிறையப் பூ. பிறகு ஒரு கம்பு இறங்கியது, பிறகு மகள். ஒல்லியான பெண். தரையில் ஊன்றி, நிமிர்ந்து, நாலு எட்டு வைத்து என் முன்னால் வந்து நின்று, "வணக்கம் மாமா" என்றாள். அவள் அம்மாவுக்கு நான் அண்ணன், அந்த முறையில் மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்திலா பயத்திலா என்று பிரிக்க முடியவில்லை.

"தாயி, அந்தக் கல்லு எங்கிட்ட இல்ல" என்றேன். சாக்கு, தினசரி நடை, குவியல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "தெனமும் ஒங்கிட்ட இருக்குன்னு சொன்னதெல்லாம் பாக்காமச் சொன்னது."

அவள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. "மழையில நனைஞ்சுக்கிட்டுக் காய் எடுக்கையில, கை மரத்துப் போறப்ப, அது அங்கன இருக்குல்லன்னு நெனச்சுக்குவேன்ண்ணே. அதான் எனக்குத் தெம்பு" என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மகள்தான் அசைந்தாள். "வந்தது வந்துட்டோம். மேல ஏறுவோம்மா" என்றாள்.

பத்து நிமிடப் பாதைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவள் ஒவ்வொரு எட்டாக வைத்தாள். அம்மா முன்னால், நான் பின்னால். விசில் என் பையில் கிடந்தது, தொடவில்லை. கடைசி மேட்டைத் தாண்டியதும் கோயில் படிக்கட்டில் என் மனைவி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் வெள்ளைத் துணி. துணிமேல் கல். அதில் ரோஸ் நிறப் பாதம், ஐந்து விரலும் அப்படியே.

"ஒனக்கு எப்படி..." என்றேன்.

"திங்கக்கெழம விடியுமுன்னயே ஒருத்தர் கொண்டுவந்து வச்சிருந்தாரு. நீங்க வந்து சொன்னதும் எடுத்துப் பீரோவுல வச்சேன். நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்ல மட்டும் குடுத்திருந்தா நாளைக்கும் பாக்காமத்தான் 'இருக்கு'ன்னு சொல்லுவீங்க" என்றாள்.

அவள் பக்கத்தில் வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகும் பதிவேடு இருந்தது. நான் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. பாத்ரூமைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் விரித்து, வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்தாள். 'பாதம் போட்ட கல்லை எடுத்து வந்தேன். யாருடைய பாதம் என்று டீச்சர் சொன்னார்கள். அந்தப் பெண் சீக்கிரம் நடக்கட்டும்.' அடுத்த பக்கம் ஒரு லாரி டிரைவர்: 'நான் வேறு காரியத்துக்கு வந்தேன். பாதத்தைப் பார்த்ததும் யாரோ ஒரு பிள்ளைக்காக என்று தூக்கினேன்.' மலையாளத்தில் ஒன்று, அடியில் என் மனைவி தமிழில் கேட்டு எழுதியிருந்தாள்: 'ரெண்டு பேரும் மாறி மாறிச் சுமந்தோம்.' கோணல் எழுத்தில் ஒரு குழந்தை: 'நான் தூக்கினேன். கணமா இருந்துச்சு. அக்கா நடக்கனும்.' பக்கம் பக்கமாகப் போனது. குவியலில் அந்தக் கல் கிடந்தால் வேறு கல்லை யார் எடுப்பார்கள்? நான் தினமும் இறக்கியிருக்கிறேன், அவர்கள் தினமும் ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழுதாள், நடுவிலேயே சிரித்தாள். "ஒருத்தரும் தொட்றக்கூடாதுன்னு சொன்னேனே. இத்தன பேரா எம் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுனாங்க!" என்றாள்.

மகள் கம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கல்லை இரண்டு கையாலும் வாங்கினாள். நாங்கள் யாரும் பிடிக்கவில்லை. உள்ளே தனியாக நடந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். வேண்டுதல் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் குனிந்து அதைத் திரும்ப எடுத்தாள். மெதுவாக வெளியே வந்து என் கையில் வைத்தாள்.

"மாமா, சாயந்தரம் போறப்ப இதையும் கீழ கொண்டுபோயிருங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் மற்ற கற்கள் சாக்கில் இறங்கின. அது மட்டும் என் கையில் இறங்கியது. குவியலின் மேலேயே, பாதம் தெரியும்படி வைத்தேன். அடுத்த வாரம் அங்கே ஒரு பலகையும் நட்டோம், என் மனைவியின் கையெழுத்தில்: 'இங்குள்ள ஒவ்வொரு கல்லும் ஏற்கெனவே ஒருவருடைய வேண்டுதல். அவருக்காகவும் சேர்த்துச் சுமங்கள்.'

பலகை வருவதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், தேனிப் பக்கமிருந்து ஒரு வேன் ஏழு மணிக்கே வந்துவிட்டது. பின்னாலேயே ஜீப்பு வளைவில் வேகம் குறைத்தது. வழக்கமான தலை நீண்டது.

"கண்டக்டரண்ணே! கல்லு இருக்கா?"

வாய் வரைக்கும் வந்த பதிலை நிறுத்தினேன். திரும்பிக் குவியலைப் பார்த்தேன். பாதையைப் பார்த்தேன். வேனில் வந்த ஒரு பெரியவர் இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார், விரலிடுக்கில் ரோஸ் நிறம் தெரிந்தது.

"இல்ல தாயி!" என்று கத்தினேன். "இப்பத்தான் மேல போகுது!"